தாந்தால் ராஜாவுக்கு ஒரு இலை

காரைக்காலில் கடற்கரைக்குப் போகிற சாலையில் மூன்றாவது சந்துக்குள் இருக்கிற தையல்நாயகி மெஸ்ஸில், சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்து ஒரு ராஜா இறங்கி வந்து இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தபோது, சாம்பார் வாளியோடு நின்ற கலியமூர்த்தி அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஈரத்தோட உக்காராதீங்க சார், பெஞ்சு ஊறிப்போவும்" என்பதுதான். ராஜா கழுத்துக்குக் கீழே முழுக்க நனைந்திருந்தார். சொட்டிய தண்ணீரும் சாம்பல் நிறம், அவரும் சாம்பல் நிறம். தாடி, மார்பு, முழங்கை எங்கும் மைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னிக் கிடந்தன. பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மதியம் ஒன்றரை மணிக்குப் பசியோடு வருகிறவனை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிற வழக்கம் அந்த மெஸ்ஸில் இல்லை.

படம் வந்த கதை சின்னது. மெஸ்ஸின் மேற்குச் சுவரில் மழைக்காலம் தோறும் ஒரு ஈரக்கறை பூத்து, பார்க்கிறவர்களுக்கு அது பெருச்சாளி மாதிரித் தெரிந்ததால், முதலாளி தையல்நாயகி அதை மறைக்க ஏதாவது கிடைக்குமா என்று மரைக்காயர் பாயின் பழைய சாமான் கடைக்குப் போனாள். அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றை இடித்தபோது வந்த சாமான்களுக்கு நடுவே, செப்புத் தகட்டில் கீறி மையேற்றி அச்சடித்த அந்தப் படம் பழுப்பேறிக் கிடந்தது: தாடை வரை தண்ணீரில் நிற்கும் தாடிக்காரர், தலைக்கு மேலே பழம் தொங்கும் கிளை, வானத்தைப் பார்த்து நீட்டிய இரண்டு கை. "அட பாவமே, என்னா தவம்! கழுத்தளவு தண்ணியில நின்னு, ரெண்டு கையயும் தூக்கிக்கிட்டு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட தையல்நாயகி, அது யாரோ பெரிய முனிவர் என்றே முடிவு கட்டிவிட்டாள். தண்ணீரில் நின்று கை தூக்குகிறவன் தவசி இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும் என்று மரைக்காயர் பாயும் தலையாட்டி, பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார். அவள் கண்ணாடியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, செம்பருத்தி சொருகி, தினமும் முதல் சோற்றை ஒரு துண்டு இலையில் வைத்துப் படத்துக்குக் காட்டி, "வந்து சாப்பிடுங்க சாமி" என்று கூப்பிட்டாள். சாப்பாட்டுக்குத் தொடர்ந்து கூப்பிட்டால் யார்தான் வரமாட்டார்கள்? நாற்பத்தெட்டாம் நாள் வந்துவிட்டார்.

தையல்நாயகியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது யாரோ பெரிய வீட்டுக் கல்யாணத்தில், இலையில் சோறு விழுந்து கையை வைக்கப்போகிற நேரத்தில், சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள் என்று தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். அந்த இலையில் அப்போது இருந்தது என்னென்ன என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வாள். கணவர் போனபின் மெஸ் வைத்த நாளில் அவள் செய்த முதல் காரியம், "இங்கே பசியோடு எழுந்தவர் யாரும் இல்லை" என்று ஒரு பலகை எழுதி மாட்டியது. இரண்டாவது, கடைசி ஆள் சாப்பிட்டுக் கைகழுவும் வரை தான் ஒரு பருக்கை தொடுவதில்லை என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டது. இருபத்திரண்டு வருடம் இரண்டும் பிசகவில்லை. யாராவது "நீ சாப்பிட்டியா தையல்?" என்று கேட்டால், "எனக்கென்ன, பசியே இல்ல" என்பாள். அதனாலேயே போகப் போக யாரும் கேட்பதும் இல்லை.

அன்றைக்குக் கலியமூர்த்தி ராஜாவுக்குத் தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஒரு கரண்டி சோறு வைத்தான். ராஜா இரண்டு கையையும் நீட்டினார். சோறு மெல்ல நகர்ந்து, இலையின் நடுநரம்பைத் தாண்டி, ஓரம் ஏறி, பக்கத்து இலையில் போய் உட்கார்ந்துகொண்டது. சாம்பாரை ஊற்றினான்; அது போன வழியே வாளிக்குத் திரும்பியது. அப்பளம் எழும்பி மின்விசிறி மேல் போய் ஒட்டிக்கொண்டது. தம்ளர்த் தண்ணீர் அவர் உதடு நெருங்க நெருங்க அடிக்கு இறங்கி, கீழே வைத்ததும் மறுபடி விளிம்பு வரை வந்து நின்றது. "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சொல்லுவாங்க, இது கைக்கே எட்டலயே!" என்றான் கலியமூர்த்தி. மூன்று மணிக்குப் பந்தி முடிந்ததும் ராஜா எழுந்து, துவட்டிக்கொள்ளக் கொடுத்திருந்த துண்டை மடித்து வைத்துவிட்டுப் படத்துக்குள் ஏறினார். தையல்நாயகி தனக்குப் போட்டிருந்த இலையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு இலையைச் சுருட்டி மாட்டுக்குப் போட்டாள்.

மறுநாளும் ராஜா ஒன்றரைக்கு டாண் என்று வந்தார். கை வைக்காமல் ஊட்டிவிட்டால் என்ன என்று கலியமூர்த்தி மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் வாயருகே கொண்டு போனான். கை பாதி வழியில் மடங்கி உருண்டை அவன் வாய்க்குள்ளேயே போய்விட்டது. மறுபடி உருட்டினான், மறுபடியும் அவனே தின்றான். பதினேழு உருண்டை ஆனதும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதுக்கு மேல என்னால ராஜாவுக்கு ஊட்ட முடியாது, வயிறு வெடிச்சிரும்" என்று கும்பிட்டான். தையல்நாயகி தானே ஒரு உருண்டை எடுத்தாள். கை திரும்பித் தன் வாய்க்கு வந்தபோது உதட்டை இறுக மூடிக்கொண்டாள். சோறு மூக்கிலும் கன்னத்திலும் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு இலையில் விழுந்தது. பசி என்றால் சாதாரணப் பசியா, வஞ்சிரக் குழம்பு வாசனை உதட்டில் ஒட்டியிருக்கிறது, நக்கினால் வைராக்கியம் போச்சு. முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

ஊர் இதையெல்லாம் பார்த்துப் பிரமித்து நிற்கவில்லை. ஊருக்கு வேறு வேலை இருந்தது. ராஜாவின் இலையிலிருந்து ஓடுகிற பதார்த்தமெல்லாம் பக்கத்து இலைகளுக்குத்தானே போகிறது, ஆகவே அவருக்கு இடமும் வலமுமான இருக்கைகளுக்கு அடிதடி வந்தது. காலையிலேயே துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். ஒருவர் சீர்காழியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். சோறு உண்ண மறுக்கிற பிள்ளைகளைத் தாய்மார்கள் கூட்டி வந்து, "பாரு, நீ வேணாங்கிற சோத்துக்கு அந்த மாமா எப்படித் தவிக்கிறாரு" என்று காட்டினார்கள். சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து, மையில் ஆன ஆட்களை உணவு விடுதியில் அனுமதிக்க விதியில் இடமில்லை என்று ஆரம்பித்தவர், ராஜாவுக்கு வலப்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்து விதியை மறந்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள், பிரெஞ்சுப் பென்சன்காரர் முசே சவரிநாதன் கண்ணாடியை மாற்றி மாட்டிக்கொண்டு படத்தின் அடியில் இருந்த எழுத்தைப் படித்தார். ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களை முசே என்றுதான் கூப்பிடுவார்கள். "தாந்தால். கிரேக்க தேசத்து ராஜா. முனிவரும் இல்ல, தவமும் இல்ல. தண்டனை" என்றார்.

"என்னா தண்டனை முசே?" என்றாள் தையல்நாயகி.

"சாமிகளுக்கு விருந்து வச்சாரு. பெத்த புள்ளையயே கறியாக்கிப் பரிமாறினாரு. சாமிங்க கண்டுபிடிச்சு, போடா, இனி உனக்குப் பழம் எட்டாது, தண்ணி எட்டாதுன்னு நிறுத்திட்டாங்க."

பந்தியே கையை உதறியது. கலியமூர்த்தி ஓடிப்போய் ராஜா இலைக்கு முன்னால் இருந்த ஆட்டுக்கறிச் சட்டியை எடுத்து மறைத்து வைத்தான். "இனிமே அவருக்குச் சைவந்தான்."

"ஏன் முசே, இந்தப் பக்கத்துல செங்காட்டங்குடியில புள்ளைக்கறி கேட்டதே சாமிதானே? அங்க சமைச்சவருக்குக் கைலாசம், இங்க சமைச்சவருக்குப் பட்டினியா? இது என்னா நியாயம்?" என்றாள் தையல்நாயகி.

மரைக்காயர் பாய் இலையிலிருந்து நிமிர்ந்தார். "கேட்டுச் சமைக்கிறது வேற தங்கச்சி, கேக்காம சமைக்கிறது வேற."

"புள்ள என்னா ஆச்சு?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"பொழச்சுது" என்றார் முசே. "சாமிங்க துண்டையெல்லாம் ஒட்டவச்சு எழுப்பிட்டாங்க. தோள்பட்டைய மட்டும் ஒரு சாமி கவனிக்காம தின்னுடுச்சு, அதுக்குத் தந்தத்துல மாத்து வச்சாங்க."

தையல்நாயகி ராஜாவைப் பார்த்தாள். அவர் எதுவும் புரியாமல், ஆனால் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, தலையைக் குனிந்து கொண்டிருந்தார். நெற்றியில் கோடுகள் நெருக்கமாகி முகம் இருண்டது. "செஞ்சது மகாபாவம், அதுல சந்தேகமில்ல" என்றாள் அவள். "அதுக்குத் தண்டனை குடுக்கிறது அவுங்க சாமி பாடு. ஆனா என் மெஸ்ஸுக்குள்ள இலை போட்டாச்சு. இலை போட்டவனைப் பசியோட எழுப்ப நான் ஒத்துக்க மாட்டேன், எந்தச் சாமி சொன்னாலும்."

நாலாம் நாள் இலை நகராமல் நாலு மூலையிலும் செங்கல் வைத்தார்கள், மேசையே நகர்ந்தது. ஐந்தாம் நாள் கண்ணைக் கட்டிவிட்டார்கள். சோற்றுக்குக் கண் இருந்தது. தையல்நாயகி மோரைக் குடித்தே நாளை ஓட்டினாள், மோர் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று அவளே ஒரு சட்டம் போட்டிருந்தாள். வளையல் முழங்கை வரை ஏறியது. "அக்கா, பலகையக் கழட்டிரலாம், ஒரு கையி அள்ளிப் போட்டுக்க" என்று கலியமூர்த்தி கெஞ்சினான். "பலகைய எழுதினது நானு, கழட்டறதுக்கு நான் சாவணும்" என்று சொல்லிவிட்டாள், சொல்லும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் ஆனிப் பௌர்ணமி, மாங்கனித் திருவிழா. இல்லாத மாங்கனியைக் கையில் வரவழைத்த அம்மை பிறந்த ஊர் இது. சாமி வீதியில் வரும்போது மாடி மாடியாக நின்று மாம்பழத்தை வாரி இறைப்பார்கள், கீழே நிற்கிறவர்கள் எகிறிப் பிடிப்பார்கள். ராஜாவுக்கு வேட்டி கட்டிக் கூட்டத்துக்கு நடுவே கொண்டு போய் நிறுத்தினார்கள். பதினாயிரம் பழம் விழுந்திருக்கும், பங்கனபள்ளியும் ருமானியும் நாட்டுப் பழமுமாகத் தெருவே சாறாக ஓடியது, ராஜா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குதித்த இடத்தைச் சுற்றி மட்டும் குடை பிடித்த மாதிரி ஒரு வட்டம் காய்ந்து கிடந்தது. விலகிப்போகிற பழமெல்லாம் பக்கத்தில் நிற்கிறவர்கள் மடியில்தான் விழும் என்பதால் அவர்கள் கோணிப்பையோடு வந்திருந்தார்கள். ராஜா குதிப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் காய்ந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து, சிறு பிள்ளை போல முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதைப் பார்க்கத் தையல்நாயகிக்கு ஒன்பது வயதில் எழுப்பிவிட்ட இலை நினைவு வந்தது. அவருக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

ஏழாம் நாள் மெஸ்ஸில் பாயசம். தையல்நாயகி நிற்க முடியாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரைக்காயர் பாய் இலைக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேணாம் வேணாம், போதும்யா, சக்கரை இருக்கு" என்று கத்த, கலியமூர்த்தி அவர் விரலிடுக்கு வழியாகவே இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போனான். அடுத்தவர் "வயித்துல இடமே இல்ல" என்றார். அவருக்கு மூன்று கரண்டி. அதற்கடுத்தவர் ஒரு கத்துக்குட்டி, வெளியூர் ஆள், "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார். கலியமூர்த்தி, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை.

தையல்நாயகி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "முசே! இருவத்திரண்டு வருசமா நான் பந்தி போடுறேன். போடுன்னு கேட்டவனுக்கு இந்த ஊர்ல யாராவது போட்டிருக்கோமா?"

"அதெப்படித் தங்கச்சி, அழுத புள்ளைதானே பால் குடிக்கும்?" என்றார் மரைக்காயர் பாய்.

"அது வீட்டுல. பந்தியில அழுத புள்ளைய வெளியிலதான் தூக்கிட்டுப் போவாங்க. இவரு கைய நீட்டுறாரு, அதான் ஓடுது. இந்த ஊருச் சோறு, இந்த ஊரு வழக்கந்தான் அதுக்குத் தெரியும். வேணாம்னு சொல்லச் சொல்லுங்க!"

முசே பிரெஞ்சில் சொன்னார். ராஜாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, படத்தின் அடியில் இருந்த எழுத்துக்கு மட்டுந்தான் தெரியும். ஆகவே தையல்நாயகியே எதிரில் உட்கார்ந்து செய்து காட்டினாள்: கையை இலைமேல் விரி, முகத்தைத் திருப்பு, புருவத்தைச் சுருக்கு, "வேண்டாம்." ராஜா விரித்தார். "வேண்..." என்பதற்குள் ஒரு விரல் தானாகச் சோற்றுப் பக்கம் நீண்டது, சோறு அந்த விரலைப் பார்த்துவிட்டு ஓடியது. யுகம் யுகமாக நீட்டியே பழகின கை, அதற்கு மடங்கத் தெரியவில்லை. பந்தியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் ஏப்பம் விடுகிற பாவனை காட்டினார், ஒருவர் வயிற்றைத் தடவிக் காட்டினார், மரைக்காயர் பாய் "சக்கரை இருக்கு" என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முப்பது தடவை ஆயிற்று. முப்பது தடவையும் அந்தத் திருட்டு விரல் நீண்டது.

முப்பத்தோராவது தடவை செய்து காட்டும்போது தையல்நாயகிக்குக் கண் இருட்டியது. "வேண்டாம்" என்று விரித்த கையோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். கலியமூர்த்தி ஓடிவந்து தாங்கி, "ஏழு நாளா ஒரு பருக்கை இறங்கலய்யா இவுங்களுக்கு! உங்களுக்காகத்தான்யா!" என்று ராஜாவைப் பார்த்துக் கத்தினான். தமிழ் தெரியாவிட்டால் என்ன, வெடித்த உதடும் ஒட்டிய வயிறும் அவருக்குத் தெரியாத பாஷையா? அதில் அவரைவிடப் பண்டிதர் யார்? ராஜா அவளைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தன் இலையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேண்டாம்" என்றார்.

இந்தமுறை விரல் நீளவில்லை. சோறு ஒரு கணம் திகைத்தது. பிறகு, வேண்டாம் என்கிறவனை விடுகிற வழக்கம் காரைக்காலில் இல்லையாதலால், இலையோடு திரும்பி அவரிடமே ஓடிவந்தது. அவர் பயந்துபோய் மறுபடி "வேண்டா" என்று வாயைத் திறந்தார், ஒரு கவளம் உள்ளே போய்விட்டது, "ம்" மென்று முடித்த பிறகுதான் வந்தது. சாம்பார் வாளியிலிருந்து எம்பிக் குதித்தது. மின்விசிறி மேல் ஆறு நாளாக ஒட்டியிருந்த அப்பளம் இறங்கியது. தாடியில் மஞ்சளாக ஒரு கோடு வழிந்தது, அவர் உடம்பில் முதன்முதலாக ஏறின நிறம் அதுதான். ராஜா அழுதுகொண்டே வேண்டாம் வேண்டாம் என்றார், சொல்லச் சொல்லக் கூட்டும் பொரியலும் ரசமும் நேற்று மிஞ்சின மாம்பழமும் வரிசை கட்டின, அவருக்கு மூச்சு முட்டியது.

"போதும்னு ஆயிட்டா கைய நீட்டுங்க! போடுன்னு கேளுங்க!" என்று தையல்நாயகி படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினாள். ராஜா பழைய வழக்கப்படி இரண்டு கையையும் நீட்டினார். சாப்பாடெல்லாம் மரியாதையாகப் பின்வாங்கிப் பாத்திரத்துக்குப் போனது. அவர் இலையை மடித்தார். பிறகு விட்டார் பாருங்கள் ஒரு ஏப்பம், மேற்குச் சுவரில் இருந்த ஈரக்கறை அதில் காய்ந்துபோனது.

கை கழுவிவிட்டு வந்த ராஜா, கலியமூர்த்தியின் கையிலிருந்து சோற்று வாளியை வாங்கிக்கொண்டார். அதை அவர் போகும்போது படத்துக்குள்ளேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார், இன்றைக்கும் படத்தில் அவர் காலடித் தண்ணீரில் அது மிதப்பதைப் பார்க்கலாம், கலியமூர்த்தி வேறு வாளிதான் வாங்க வேண்டியிருந்தது, அது கிடக்கட்டும். ராஜா ஒரு இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, தையல்நாயகியை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். பந்தி முழுக்கச் சுற்றி நின்றது. அவர் ஒரு கரண்டி சோறு வைத்தார்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம். தையல்நாயகியின் கை தானாக இலைக்குக் குறுக்கே விரிந்தது. "போதும், போதும்" என்றாள்.

ராஜா தலையை ஆட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

"ஐயோ, அது சும்மா சொல்றதுங்க! போடுங்க!" என்று கலியமூர்த்தி அலறினான். "போதும்னா போடணும்யா!" என்று மரைக்காயர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். ராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஊரில் ஒருத்தி போதும் என்றால் அவளுக்குப் போதும் என்று அர்த்தம். அவர் வாளியோடு படத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார்.

தையல்நாயகி இலையைப் பார்த்தாள். ஏழு நாள் பசிக்கு ஒரு கரண்டி சோறு. அதற்குக் குறுக்கே தன் இரண்டு கை. அந்தக் கைகளை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"ஐயா, இங்க வாங்க" என்றாள். ஒரு கையை நீட்டினாள், ஒன்பது வயதில் நீட்டியிருக்க வேண்டிய கை. "எனக்குப் பசிக்குது. இன்னும் போடுங்க."

ராஜா திரும்பி வந்து போட்டார். சோறு எங்கும் ஓடவில்லை.